நெற்றி வியர்வை

உழைப்பவன் நெற்றியில் வியர்வை அரும்பும். தோட்டப்புறத்திலே பிறந்து வளர்ந்த நமக்கு இதை ஒருவர் வந்து போதிக்க வேண்டியதில்லை. ஆனால், பிறந்து நாற்பது நாளான பச்சிளங்குழந்தைக்குப் பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்குமானால் அக்குழந்தையும் தன் சக்திக்கு மீறிய உழைப்பில் ஈடுபட்டிருக்கிறது என்பதை நான் என் அறுபத்தைந்தாம் வயதிலேதான் அறிந்தேன். அறியாதிருந்த காலத்தில் நான் செய்த பிழை ஒன்றுண்டு. வெளியே சொன்னால் மதிப்புக் குறையுமே என்று சில காலம் மறைத்தும் வைத்திருந்தேன். பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டுகள் எழுத்தறிவித்த ஒருத்தி தன் அறியாமையை மறைப்பது அழகன்று என்று தோன்றவே, இதை எழுதத் துணிந்தேன்.

கிள்ளான் வட்டாரத்துத் தோட்டமொன்றில் 1953-ஆம் ஆண்டு பிறந்தவள் நான். என் தாயார் பால்மரம் வெட்டும் தொழிலாளி. விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரையை வெட்டி முடித்து, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிச் சுமந்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்ப உச்சிப்பொழுது தாண்டிவிடும். 1961-ஆம் ஆண்டு எனக்கொரு தம்பி பிறந்தான். சில வாரங்கள் தாயார் அவன் அருகில் இருந்தார். பிறகு ஆயாக்கொட்டகையில் அவனை விட்டுவிட்டு வேலைக்குப் போகவேண்டியதாயிற்று. மரத்துப் பாலை ஏற்றிச் செல்ல வண்டி இருந்தது. தன் பாலைத் தன் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வர அந்தத் தாய்க்கு நேரம் இருந்ததில்லை.

கொட்டகையில் ஆயா டின் பாலை வெந்நீரில் கரைத்து ஊட்டுவாள். தம்பி நாலு வாய் குடிப்பான், விட்டுவிடுவான், மூச்சு வாங்கும், தூங்கிப் போவான், கால் மணியில் பசித்து அழுவான். மாலையில் தாயார் மார்போடு அணைத்துக்கொள்ளும்போதும் அப்படியே. அவன் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்து நிற்பதும், தாயார் முந்தானையால் அதை ஒற்றி எடுப்பதும் இன்றும் என் கண்முன் நிற்கின்றன. எட்டு வயதுச் சிறுமியாகிய நான் விசிறி கொண்டு வீசுவேன். உடம்புச் சூடு என்றார்கள் சிலர். தோட்டத்து டிரஸர் கலவை மருந்து கொடுத்தார். பூசாரி திருநீறு கொடுத்தார். தம்பி எட்டாம் மாதத்தில் இறந்துபோனான்.

அவன் இறந்ததைக் காட்டிலும் கொடியது, இறந்தபின் நடந்ததுதான். கிரகணத்தன்று இவள் வாசலுக்கு வந்தாள் என்றாள் ஒருத்தி. முற்பிறப்பின் வினை என்றான் ஒருவன். இவள் பால் பழுதான பால், அதைக் குடித்த பிள்ளை எப்படித் தேறும் என்றார் என் தந்தையின் தாயார். இந்தக் கடைசிச் சொல்லைத்தான் அம்மாவால் தாங்க இயலவில்லை. அதன்பின் இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்து ஆளாக்கிய பிறகும், 1994-ஆம் ஆண்டு கண்மூடும் வரையில், ‘என் பால்தானே அவனுக்கு ஆகவில்லை’ என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

நிற்க. 2018-ஆம் ஆண்டு என் மகனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவன் கிள்ளானில் குடியிருப்பவன். மருமகள் தாயில்லாப் பெண். ஆகவே பிள்ளை பெற்றபின் பிரிக்பீல்ட்ஸிலுள்ள என் வீட்டுக்கே வந்தாள். பேத்தி பிறக்கும்போது 2.9 கிலோ. அழகாக இருந்தாள்; முதல் மூன்று வாரம் ஒரு குறையுமில்லை. அதன்பின் பால் குடிக்க முக்கால் மணி, ஒரு மணி என்று இழுத்தாள். குடிக்கும்போது மூச்சு இரைத்தது. நெற்றி வியர்த்தது. கோலாலம்பூர் வெயிலுக்கு யாருக்குத்தான் வியர்க்காது என்று விசிறியைத் திருப்பி வைத்தேன். இரண்டாம் மாத முடிவில் நாலரைக் கிலோவை அண்டியிருக்கவேண்டிய குழந்தை 3.4 கிலோதான் இருந்தது. மருந்தகம் ஒன்றில் சளி என்று சொல்லி மருந்து கொடுத்து அனுப்பினார்கள்.

அப்பொழுது நான் என்ன செய்தேன்? என் தாயாரைக் கொன்ற அதே சொல்லை எடுத்தேன். ‘உன் பாலில் சத்தில்லையம்மா, பிள்ளைக்கு வயிறு நிறையவில்லை’ என்று மருமகளிடம் சொன்னேன். ஒருமுறையன்று, பலமுறை சொன்னேன். அவள் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. அதோடு நிற்கவில்லை நான். அவள் அயர்ந்து தூங்கும் நேரத்தில், அழுகிற பிள்ளையின் வாயில், சவ்வரிசி வேகவைத்து வடித்த நீரைப் புட்டியில் ஊற்றி வைத்தேன். பிள்ளை குடித்தது, அழுகை அடங்கியது, என் கைமருந்து பலித்தது என்று மகிழ்ந்தேன்.

வேறொரு டாக்டரம்மாளிடம் போனோம். அவர் இருதயக் கருவியைக் குழந்தையின் நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு நிமிர்ந்து, ‘பால் குடிக்கும்போது இவளுக்கு நெற்றி வியர்க்கிறதா?’ என்றார். மருமகள் ஆம் என்றாள். எனக்கோ அந்த அறையே ஐம்பத்தேழு ஆண்டுகள் பின்னே போயிற்று. அம்மாவின் முந்தானை கண்ணில் தெரிந்தது. எந்த வைத்தியராவது 1961-இல் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால்! தம்பிக்கு இருந்த நோய் இன்னதென்று இன்று அறுதியிட்டுக் கூற எவராலும் இயலாது. ஆயினும், அவன் ஏதோ ஒரு சுமையைச் சுமந்துகொண்டே பால் குடித்தான் என்பது மட்டும் எனக்கு அன்று விளங்கிற்று.

கோலாலம்பூரில் 1992-ஆம் ஆண்டு முதல் தேசிய இருதயக் கழகம் இயங்கி வருகிறது. அங்கே படமெடுத்துப் பார்த்ததில், பேத்தியின் இருதயத்தின் கீழறைகள் இரண்டையும் பிரிக்கும் சுவரில் பெரியதொரு துவாரம் இருப்பது தெரிந்தது. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 8 பேருக்கு ஏதேனுமொரு பிறவி இருதயக் குறை இருக்கும். அவற்றுள் அதிகமாகக் காணப்படுவது இந்தத் துவாரமே என்றார்கள்.

இதன் இயல்பைத் தோட்டத்துக்காரருக்கு எளிதில் விளக்கலாம். ஓட்டை வாளியில் பால் சுமப்பவனை எண்ணிப்பாருங்கள். ஒரு வாளி கொண்டு சேர்க்க அவன் இரண்டு நடை நடக்கவேண்டும். இடக் கீழறை உடம்புக்கு அனுப்பும் இரத்தத்தில் ஒரு பகுதி துவாரத்தின் வழியே வலப்புறம் ஒழுகி, மீண்டும் நுரையீரலுக்கே போகிறது. நுரையீரல் இரத்தத்தால் கனத்துவிடுவதால் மூச்சு விரைகிறது. உடம்புக்கு வேண்டியதைக் கொடுக்க இருதயம் இரட்டிப்பு வேலை செய்கிறது. பிறந்த சில வாரங்களுக்கு நுரையீரலின் இரத்தக்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருப்பதால் ஒழுக்குக் குறைவு. குழந்தை நன்றாகவே இருக்கும். அழுத்தம் தணியத் தணிய ஒழுக்கு மிகும். முதல் மூன்று வாரம் எங்களை ஏமாற்றியது இதுவே.

பால் குடிப்பது நமக்கு விளையாட்டாகத் தோன்றும். குழந்தைக்கோ அதுவே மலையேற்றம். உறிஞ்சவேண்டும், விழுங்கவேண்டும், இடையிலே மூச்சும் விடவேண்டும். மூச்சுக்கே அல்லாடும் பிள்ளை மூன்றையும் எப்படிச் செய்யும்? களைத்துத் தூங்கிவிடுகிறது. பசி போவதில்லை, சக்திதான் போகிறது. குடித்த பாலின் சத்திலும் பெரும்பகுதியை இருதயமும் மூச்சும் தின்றுவிட, சதைபிடிக்க மிச்சமில்லை.

அங்கேயிருந்த உணவியல் நிபுணர் இளம்பெண். ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். நலமுள்ள கைக்குழந்தைக்குக் கிலோ ஒன்றுக்கு நாளொன்றில் 100 கலோரியளவு வேண்டும். இத்தகைய குழந்தைக்கு 120 முதல் 150 வரை தேவைப்படும். 3.4 கிலோப் பிள்ளைக்கு 140 வீதம் 476 கலோரி. தாய்ப்பால் 100 மில்லிலிட்டரில் ஏறக்குறைய 67 கலோரி உண்டு. ஆகவே நாளொன்றுக்கு 700 மில்லிலிட்டருக்கு மேல் குடிக்கவேண்டும். எங்கள் பிள்ளை குடித்ததோ 400. இருதயம் இடர்ப்படும்போது நீர் அளவைக் கூட்டுவதும் ஆபத்து. எனவே குடிக்கிற கொஞ்சத்தையே செறிவாக்கவேண்டும். தாய்ப்பாலைக் கறந்து, அதில் அளந்த அளவு சத்துமாவு சேர்த்து, 100 மில்லிலிட்டரில் 100 கலோரி வரை வரும்படி படிப்படியாக ஏற்றிக் கொடுப்பார்களாம்.

‘தாயின் பாலில் குறையா?’ என்று கேட்டேன். ‘இல்லை பாட்டி, பால் நல்ல பால்தான். குடிக்கத்தான் அவளுக்குச் சக்தி போதவில்லை’ என்றார் அவர். மருமகள் தலைகுனிந்து அழுதாள். இரண்டு மாதமாக அடக்கிவைத்திருந்த அழுகை அது. பிறகு அவர், ‘பாலைத் தவிர வேறென்ன கொடுக்கிறீர்கள்? ஒரு சொட்டு விடாமல் சொல்லுங்கள்’ என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள் மருமகள். நான் வாய் திறந்தாக வேண்டியதாயிற்று. சவ்வரிசி நீரைச் சொன்னேன்.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அந்த நீரில் சத்து என்பது பெயரளவுக்கே. ஆனால் வயிற்றிலே பாலுக்கு இருந்த இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. ஆறு மாதத்துக்கு முன் வேறெதுவும் ஆகாது என்று அமைதியாக விளக்கினார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். பிள்ளையின் அழுகையை அடக்கியதாக நான் மகிழ்ந்த ஒவ்வொரு வேளையும், அவளுக்கு வரவேண்டிய உணவைத் தடுத்துவிட்ட வேளை. மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வண்டியில் பேச்சில்லை. இரவு ஒரு குறிப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னே வைத்து, ‘அத்தை, பால் கணக்கை இனி நீங்களே எழுதுங்கள்’ என்றாள். மன்னித்தேன் என்று அவள் வாயால் சொல்லியிருந்தாலும் இதற்கு ஈடாகாது.

எழுதினேன். மூன்று மணிக்கொரு முறை, பகலும் இரவும். முதலில் வாயால் கொடுப்பது. 20, 30 நிமிடத்துக்கு மேல் இழுக்கக்கூடாது. அதற்கு மேல் போனால் சேர்வதைவிடச் செலவாவது மிகுதி. மிச்சத்தை மூக்கின் வழியே இரைப்பைக்குச் செல்லும் மெல்லிய குழாயில் விடவேண்டும். ஒவ்வொரு முறையும் குழாய் உரிய இடத்தில் இருக்கிறதா என்று சோதிக்கத் தாதி எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். குழாயில் பால் இறங்கும்போது பிள்ளையைத் தாய் மார்போடு அணைத்துக்கொள்வாள். உறிஞ்சும் பழக்கமும், வயிறு நிறைவது தாயிடம்தான் என்ற நினைவும் பிள்ளைக்கு மறந்துபோகக் கூடாதல்லவா?

குழாயைக் கண்டு அண்டை அயலார் திகைத்தார்கள். ‘பச்சைப்பிள்ளைக்கு மூக்கணாங்கயிறா?’ என்று கேட்டாள் ஒருத்தி. திருஷ்டி கழிக்கச் சொன்னாள் மற்றொருத்தி. இன்னொருத்தி தேன் தடவச் சொன்னாள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் நஞ்சாக முடியக்கூடும் என்பதை நான் அதற்குள் கற்றிருந்தேன். ‘கர்ப்பத்தில் இவள் என்ன தின்றாளோ’ என்று ஆரம்பித்தார் உறவினர் ஒருவர். அவரை வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன்: இத்தகைய குறைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனிக்காரணம் ஒன்றைக் காட்ட விஞ்ஞானத்தாலேயே இயலவில்லை. சிலவற்றுக்கு மரபணுக் கோளாறும், கர்ப்பகாலத்து ஜெர்மன் தட்டம்மையும், தாயின் நீரிழிவும் காரணமாகின்றன. கிரகணத்துக்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை. பெற்றவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இந்த வீட்டுக்கு எவரும் வரவேண்டாம் என்றேன். 1961-இல் என் தாயாருக்காக எவரும் பேசாத பேச்சை அன்று நான் பேசினேன்.

இரவில் கண்விழித்திருந்த நாட்களில் நான் படித்தவை பல. நம் மலாயாவின் வரலாற்றிலேயே இதற்கோர் ஏடு இருக்கிறது. ஸிஸிலி வில்லியம்ஸ் என்னும் பெண் டாக்டர் ஆப்பிரிக்காவிலே புரதப் பஞ்சத்தால் குழந்தைகளுக்கு வரும் நோயை உலகுக்கு எடுத்துக்காட்டியவர். பிறகு மலாயாவுக்கு மாற்றப்பட்டார். 1939-ஆம் ஆண்டு சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்திலே ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பிட்டுப் பேசினார். தாய்ப்பாலை விடுத்து இனிப்பு டின் பாலைக் கைக்குழந்தைக்கு ஏற்றதென்று விளம்பரம் செய்து விற்றதை அவர் கொலையோடு வைத்தே பேசினார். ஜப்பானியர் காலத்தில் சிறைப்பட்டுச் சாங்கியில் துன்புற்றார். தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களின் விளம்பரத்துக்கு உலக நாடுகள் கூடி விதிமுறை வகுத்தது 1981-ஆம் ஆண்டிலே. அவர் பேசி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அந்தப் பேச்சுக்குப் பின்னும் 22 ஆண்டுகள் கழித்து என் தம்பியின் வாயில் அதே டின் பால்தான்!

இன்னொன்று. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் 1944-ஆம் ஆண்டு, உடல் நீலம் பாரித்த குழந்தை ஒன்றுக்கு முதன்முதலாக ஓர் அறுவைச் சிகிச்சை நடந்தது. யோசனை ஹெலன் டாஸிக் என்னும் பெண் டாக்டருடையது. கத்தி எடுத்தவர் ஆல்பிரட் பிளேலாக். அதைப் பிராணிகளிடம் செய்து செய்து பழகி, பக்கத்தில் நின்று வழிகாட்டியவர் விவியன் தாமஸ் என்னும் கறுப்பினத்தவர், டாக்டர் பட்டம் இல்லாதவர். ஒரு வயதைத் தாண்டியிருந்த அக்குழந்தையின் எடை 5 கிலோகூட இல்லையாம். இதைப் படித்தபோது என் பேத்தியின் எடைக் கணக்கைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தேன். 1954-இல் மின்னியாபொலிசில், என் பேத்திக்கிருந்தது போன்ற துவாரத்தையே இருதயத்தைத் திறந்து அடைத்துவிட்டார்கள். அப்படியானால் 1961-இல் உலகத்தில் மருத்துவம் இல்லாமலில்லை. அது லயத்துக்கு வந்து சேரவில்லை, அவ்வளவே. தலையெழுத்து என்று நாம் பெயரிட்டவற்றில் எத்தனை, வந்து சேராத வைத்தியம்!

புத்தகத்தில் கணக்கு ஏறியது. நீரை வெளியேற்றும் மருந்தும், செறிவாக்கிய பாலும், குழாயும் சேர்ந்து நாளொன்றுக்கு 10 கிராம் ஏறிய பிள்ளைக்கு 20 கிராம், 25 கிராம் என்று ஏறத் தொடங்கிற்று. வாந்தியெடுத்த நாளும் உண்டு. எடை இறங்கி, மருமகளும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க அஞ்சிய நாளும் உண்டு. நன்கு ஊட்டம் பெற்ற குழந்தை அறுவையைத் தாங்கும், புண் விரைவில் ஆறும், தொற்றை எதிர்க்கும். ஆகவே ஒவ்வொரு கிராமும் எங்களுக்குப் பொன். ஆறாம் மாதம், ஐந்தரைக் கிலோ எடையில், துவாரத்தை அடைத்தார்கள்.

அதன்பின் மூன்றாம் வாரம். மருமகள் புட்டியில் பால் கொடுத்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி புத்தகத்தோடு உட்கார்ந்தேன். பதினான்கு நிமிடத்தில் பிள்ளை முழுதும் குடித்துவிட்டுக் காலை உதைத்தாள். வழக்கம்போலத் துணியை எடுத்து நெற்றியை ஒற்றினேன். துணி நனையவில்லை. மருமகளிடம் காட்டினேன். இருவரும் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றுதான் என் தாயாரை நினைத்து, அழவேண்டிய அளவு அழுதேன்.

திட உணவு தொடங்கியபோது நீர்த்த கஞ்சி என் அடுப்பில் ஏறவில்லை. சோறும் பருப்பும் குழைத்து, முட்டையோ மீனோ மசித்துச் சேர்த்து, ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுப் பிசைந்து கொடுத்தோம். அந்த ஒரு கரண்டி எண்ணெயிலேயே 40 கலோரிக்குக் குறையாது. உப்புப் போடவில்லை. பல் முளைத்ததும் துலக்கப் பழக்கினோம். சொத்தைப் பல்லின் கிருமி இரத்தத்தில் கலந்து இருதயத்தில் குடியேறக்கூடும் என்பதால், இக்குழந்தைகளுக்குப் பல்லும் இருதய விஷயமே. இன்று அவள் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள். ஓடிவிட்டு வந்து நிற்கும்போது நெற்றி வியர்க்கிறது. அது ஓடியதால் வந்த வியர்வை. துடைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறேன்.

தாய்மார்களே, குறிப்பாக என்னைப் போன்ற மாமியார்களே! உங்கள் வீட்டுக் குழந்தை பால் குடிக்க அரைமணிக்கு மேல் இழுக்கிறதா? குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறதா? அமைதியாகத் தூங்கும்போதும் நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு விடுகிறதா? நாக்கும் உதடும் நீலம் பாரிக்கின்றனவா? சுகாதார நிலையத்தில் கொடுத்த குழந்தைப் புத்தகத்தில் எடைக் கோடு ஏறாமல் படுத்துக்கிடக்கிறதா? தாமதியாமல் டாக்டரிடம் கொண்டுபோங்கள். ஒருவர் சளி என்று அனுப்பினால் இன்னொருவரிடம் போங்கள்; வியர்வையை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். மாவைக் கூட்டுவதும் எண்ணெய் விடுவதும் கைக்குழந்தையின் பாலில் நம் இஷ்டத்துக்குச் செய்யத்தக்கவை அல்ல. உணவியல் நிபுணர் அளந்து சொல்லவேண்டும். பாலை நீர்க்கச் செய்வதோ எந்நாளும் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள். ‘உன் பாலில் சத்தில்லை’ என்பதைத்தான் சொல்கிறேன். ஒரு பெண் அதைச் சாகும்வரை சுமந்ததை நான் கண்டிருக்கிறேன். இன்னொருத்தியின் தலையில் அதை ஏற்றியவளும் நானே. இறக்கிவைக்க எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. எல்லோருக்கும் கிடைக்குமென்று சொல்வதற்கில்லை.